இருபது வெட்டுத் துணிகள்

பத்தாவது வரை மட்டுமே படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தி. நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் ஒரு பட்டுப்புடவை காணாமல் போனது. முதலாளி பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். விரலில் மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பொய் என்றால் கூவும். பேக்கிங்கில் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டை அக்காவுக்குக் கூவிவிட்டது.

“நான் எடுக்கல நைனா. பயத்துல கை வேர்த்துக்கினு கீது, அதுக்குப் போய்க் கத்துது.”

“மெஷினுக்கு உன்மேல என்னம்மா பகை? நாளைலேர்ந்து வராத.”

“மொதலாளி, அந்த மெஷினையும் ஒரு தடவை சோதிச்சுடலாமா?” கேட்டது நான்தான். எனக்கே நம்ப முடியவில்லை.

ரவிக்கைத் துணி கிழிக்கும் மேசையடியில் கிடந்த துண்டுகளில் மஞ்சள் பத்து, பச்சை பத்து பொறுக்கிப் பையில் போட்டேன். இருபது பேர், ஆளுக்கு ஒன்றைப் பார்க்காமல் எடுத்து, மறைவாகப் பார்த்துக் கைக்குள் மூடிக்கொண்டோம். எல்லோரும் ‘மஞ்சள்’ என்றே சொல்ல வேண்டும். பச்சை வைத்திருப்பவர் சொல்வது பொய். யாரிடம் எது என்று முதலாளிக்குத் தெரியாது.

கடைசியில் கைகளைத் திறந்து எண்ணினோம். பத்துப் பொய்யில் ஆறைக் கருவி பிடித்திருந்தது. உண்மை சொன்ன பத்துப் பேரில் ஐந்து பேருக்கும் கூவியிருந்தது. ஆக, சரியாகச் சொன்னது பதினொன்று.

“பாதிக்கு மேலதானே?” என்றார் சூப்பர்வைசர்.

நான் ஒரு ரூபாய்க் காசை எடுத்தேன். அதே இருபது பேருக்கும் வரிசையாகச் சுண்டினேன். தலை விழுந்தால் பொய், பூ விழுந்தால் உண்மை. காசு பன்னிரண்டு பேரைச் சரியாகச் சொன்னது.

“மறுபடி சுண்டினா எட்டு வரலாம், பத்து வரலாம். ஒண்ணு ரெண்டு கூடுறது அதிர்ஷ்டம்தான் சார். மெஷினுக்கும் அதேதான்.”

“அப்போ அந்தக் காசையே கேளு நைனா, பொடவைய யார் எடுத்தான்னு” என்றாள் அக்கா.

கடை முழுக்கச் சிரித்தது. முதலாளி தன் விரலில் அதை மாட்டி, “எனக்குக் கோபம் இல்ல” என்றார். கூவியது. அவரும் சிரித்துவிட்டார். “போய் வேலையப் பாரும்மா” என்று அக்காவை அனுப்பினார். அன்று பேருந்து நிறுத்தம் வரை நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாள் கடை பத்து மணிக்குத் திறந்தது. அக்கா பேக்கிங்கில் இருந்தாள். புடவை கிடைக்கவில்லை.