சரவணன் காடியின் சத்தம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். சிரம்பானை ஒட்டிய ராசாவில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன், காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பதுதான் பிழைப்பு. எங்கள் பக்கம் காரைக் காடி என்போம். காடியில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைக் கையால் தொடலாம், கழற்றிக் கீழே போடலாம், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் இது எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

கெமாஸ் பக்கம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்கே லாரி ஓட்டுகிற மணியம் அண்ணன் எனக்கு நெடுநாள் பழக்கம். அவருக்கும் லெட்சுமி அக்காவுக்கும் ஒரே பிள்ளை, சரவணன். சிரம்பானில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான், வாரக் கடைசியில் தன் பழைய காடியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். போன வருஷம் டிங்கிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்த பிள்ளை. அக்காவுக்கு ஏற்கனவே சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தம் சுத்தம் செய்ய வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிள்ளை போனபிறகு அவன் காடியிலேயே அண்ணன் அவரை அழைத்துப் போய் வந்தார்.

ஒருநாள் அண்ணன் போன் போட்டார். "தம்பி, ஸ்டீரிங் ஒரு பக்கமா இழுக்குது லா. முன்னால இடது பக்கம் டொக்கு டொக்குன்னு அடிக்குது. கொண்டு வரட்டா?"

"ஓட்டாதீங்கண்ணே, அப்படியே விடுங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்" என்றேன்.

சாமான்களை எடுத்துக்கொண்டு போனேன். கழற்றுவதற்கு முன் தோட்டத்துச் சாலையில் மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், சத்தத்தைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் நான் எதையும் கழற்றுவதில்லை. தோட்டத்து வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு வரும் வழியில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதில் ஏறும்போது ஒரு டொக், இறங்கும்போது ஒரு டொக். வீட்டுப் பக்கம் திருப்பும்போது 'கொடக்' என்று ஒன்று. பிரேக்கை மிதித்தால் ரப்பர் புஷ்ஷிலிருந்து நீளமாக ஒரு முனகல். இப்படி வரிசையாக அடிக்கிற காடி இந்த ஊரில் இன்னொன்று இருக்காது.

ரம்புத்தான் மரத்தடியில் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடும் பல் போல ஆடியது, சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற பால் ஜாயிண்ட் போய்விட்டது என்று அர்த்தம். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் அதிலும் ஆட்டம், ஸ்டீரிங்கோடு சக்கரத்தை இணைக்கிற டை ராட் முனையும் போச்சு. பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்மண் இருந்தது. அது ஓடும்போது பிடுங்கிக்கொண்டால் சக்கரம் மடங்கி வண்டி லாரிக்கு அடியில் போய் நிற்கும். இத்தனை நாள் இவர்கள் உயிரோடு போய் வந்ததே பெரிய விஷயம்.

லெட்சுமி அக்கா காப்பி கொண்டுவந்தார். முகமெல்லாம் ஊதியிருந்தது. "மாத்தினா சத்தம் போயிருமா தம்பி?"

"சுத்தமா போயிரும்க்கா" என்றேன், பெருமையாக வேறு.

அக்கா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "ஏதாச்சும் ஒண்ணு மட்டும் பழசாவே விட முடியாதா?"

எனக்குப் புரியவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாலத்துல அந்தச் சத்தம் கேட்டாதான் எம்புள்ள வரான்னு தெரியும். இப்பவும் இவரு கடைக்குப் போயிட்டு வர்றப்ப கேக்குது. கதவத் தொறந்து இவரு எறங்குற வரைக்கும் அவன்தான் வர்றான்னு இருக்கேன் தம்பி. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேணும்."

பல வண்டிகளில் பல பேர் பல காரணம் சொல்லி வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதே இல்லை. "ஆபத்துக்கா, உயிரு போயிரும்" என்றேன்.

"நான் எப்படியும் போறவதானே" என்றார்.

"ஓட்டுறவன் நான் லெட்சுமி" என்றார் அண்ணன். கத்தவில்லை. அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேலையைத் தொடங்கினேன், ஆனால் மனசு ஒட்டவில்லை. ஒரு அம்மாவிடமிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி இருந்தது. இறுகிப்போன இடத்தில் சுத்தியலால் நாலு போடு போட்டதும் பழைய பால் ஜாயிண்ட் கழன்று வந்தது. அடுத்து ஒரு போல்ட் துருப்பிடித்து இரண்டாக ஒடிந்துவிட்டது. அண்ணன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துப் போல்ட் வாங்கக் கெமாஸுக்குப் போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன் சக்கரம் இரண்டும் புல்லில் கிடந்தன, காடி முட்டுக்கட்டையில் நின்றது, நான் அடியில் கிடந்து துரு சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேட்டது. பாலத்தில் ஒரு டொக். இன்னொரு டொக்.

வேறு ஏதோ வண்டி என்றுதான் நினைத்தேன். பிறகு திருப்பத்தில் 'கொடக்'. பிறகு வீட்டுக்கு நேராக வந்து பிரேக் பிடித்து, அந்த நீளமான முனகல். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், அந்தச் சத்தத்தைப் போடவேண்டிய பால் ஜாயிண்ட் அப்போது என் கைக்குப் பக்கத்தில் தகர டின்னில் கிடந்தது. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தேன். சாலையில் எதுவும் இல்லை. வீட்டு நாய் மட்டும் எழுந்து போய் வெறும் இடத்தைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

லெட்சுமி அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தூறலில் நனைந்துகொண்டு வாசலில் நின்றார்.

"காய்ச்சல் விட்டுருச்சாய்யா?" என்று கேட்டார்.

பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்க்கிறோம் என்று தோன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா என்னென்னவோ பேசினார், தாழ்ந்த குரலில், நடுநடுவே நிறுத்தி, எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்பது போல. எனக்கு ஒரு குரல்தான் கேட்டது. கடைசியில், "சரிப்பா, சரி. மாட்டச் சொல்றேன்" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது.

பிறகு சரளைக் கல்லில் டயர் உருளும் சத்தம், போகிற சத்தம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பாலத்துச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. புது வண்டி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அக்கா என் பக்கம் வந்து குனிந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "புதுசையே போட்டுருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் காடிக்கு அடியிலேயே கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் மோட்டார் வந்து நின்றது. வாசலிலிருந்தே அவர் குரல் கேட்டது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் சந்தோஷமான குரல். "லெட்சுமி, தம்பி வேலைய முடிச்சிட்டான் லா. பாலத்துகிட்ட என்னைத் தாண்டிப் போறான், ஒரு சத்தம் இல்ல. போல்ட் இல்லாம எப்படித்தான் மாட்டினானோ."

நான் காடிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். சக்கரம் இல்லாமல் நின்ற காடியைப் பார்த்தார். புல்லில் கிடந்த இரண்டு சக்கரத்தையும் பார்த்தார். போல்ட் பொட்டலம் கையிலிருந்து நழுவியது.

"நம்ம காடிதான் தம்பி. கண்ணாடிய எறக்கிவிட்டுக் கை காட்டுச்சு" என்றார். "நீதான்னு நெனச்சு நானும் கை காட்டுனேன்."

நான் குனிந்து பொட்டலத்தை எடுத்தேன்.

"மழைக்குத் தலையைக் குனிஞ்சிட்டு வந்தேன் தம்பி. முகத்தப் பாக்கலையே. பக்கத்துலதான் போச்சு, நிமிந்து முகத்தப் பாக்காம விட்டுட்டேனே."

சுடுகாட்டில்கூட அழாமல் நின்ற மனுஷன் ஈரப் புல்லில் உட்கார்ந்து அழுதார். லெட்சுமி அக்கா வந்து முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார்.

அன்றே எல்லாம் மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அக்கா இப்போதும் அதே காடியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார், ஒரு சத்தமும் இல்லை என்கிறார் அண்ணன். எனக்கு விளக்கம் எதுவும் தெரியாது, கேட்காதீர்கள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தோட்டத்துச் சாலையில் எதிரே வரும் வண்டியிலிருந்து யாராவது கை காட்டினால் என்னால் பேசாமல் தாண்டிப்போக முடிவதில்லை. நிறுத்தி, முகத்தைப் பார்த்த பிறகுதான் நானும் கையைத் தூக்குகிறேன்.