சுகமில்லை எண்டால் என்ன?

பொம்பிளையளின்ர உடம்பைப் பற்றிப் படிப்பிக்கிற வேலையில முதல் களைக்கிறது கால் இல்லை, வாய். சிட்னியில பார்க்கிற நர்ஸ் வேலை காணாதெண்டு, லீவைச் சேர்த்து வைச்சு உகண்டாவுக்குத் தொண்டு செய்யப் போனவள் நான். சும்மா இருக்கேலாமல் கையைத் தூக்கி மாட்டுப்பட்ட ஆக்களுக்கு என்ர பாடு விளங்கும்.

சட்டி பிடிக்கிற துணி

அங்கத்தைப் பள்ளிக்கூடப் பெட்டையளுக்குக் குடுக்கத் துணி நாப்கின் தைக்கவேணும். சிட்னி ஹோம்புஷில எனக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற செல்வி அக்காதான் எங்கட தையல்காரி. அறுபதுக்குக் கிட்ட வயசு, நல்ல கை. ஆனால் அந்தச் சாமானின்ர பேர் மட்டும் வாயில வராது. "அது" எண்டுதான் சொல்லுவா. புருஷன் மகேந்திரன் அண்ணை என்னப்பா தைக்கிறாய் எண்டு கேட்டால், "குசினிக்கு" எண்டு சமாளிப்பா.

நான் வெளிக்கிட முந்தின கிழமை, பொதி கட்டிக் கட்டி இடுப்பு விட்டுப்போய்க் கதிரையில சரிஞ்சு கிடக்கிறன். அக்கா மெஷினை நிப்பாட்டிப்போட்டு மெல்லமாச் சொன்னா, "எனக்குக் கொஞ்ச நாளாச் சுகமில்லையடி." வின்டர்தானே, எல்லாருக்கும் தடிமன். "பனடோலைப் போட்டுட்டுப் படுங்கோ அக்கா" எண்டன். அவ திரும்பவும் தைக்கத் தொடங்கினா. அந்த நேரம் பார்த்து அண்ணை குசினிக்குள்ள இருந்து கொதிக்கிற பருப்புச் சட்டியோட வாறார், ரெண்டு கையிலயும் எங்கட நாப்கின்.

"சோக்கான சாமான் பிள்ளை, சூடே தெரியேல்ல. எனக்கு இன்னும் ரெண்டு வைச்சிட்டுப் போ."

பல்லுக்கொதி

முதல் வகுப்பு. முன்னால நாற்பது பெட்டையள், பக்கத்தில நான் சொல்லுற இங்கிலிஸை அவையின்ர பாஷையில மாத்திச் சொல்ல கிரேஸ் எண்ட உள்ளூர் நர்ஸ். சிட்னி வார்டில ஆருக்கும் என்னவும் கூச்சமில்லாமல் சொல்லுவன். இந்தப் பெட்டையள் எங்கட பிள்ளையள் மாதிரித் தலையைக் குனிஞ்சவுடன எனக்குள்ள கிடந்த யாழ்ப்பாணத்துப் பொம்பிளை எழும்பிட்டாள். மாதவிடாய் எண்டு சொல்ல நாக்கு வரேல்ல. வீட்டில நாங்கள் சொல்லுற "சுகமில்லை"யை அப்பிடியே இங்கிலிஸ் ஆக்கிப்போட்டன். "சுகமில்லாத பிள்ளையள் நாளைக்கு என்னட்ட வாங்கோ, எல்லாம் விளங்கப்படுத்திச் சாமானும் தாறன்."

விடிய வந்து பார்த்தால் பெரிய வரிசை. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குக் காது வலி, அஞ்சாறு பேருக்குப் பல்லுக்கொதி. ஒருத்தி தாயின்ர முழங்காலைக் காட்டத் தாயையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மத்தியானம் மட்டும் பல்லுப் பார்த்தன். கொண்டுபோன பெட்டி ஒண்டும் திறபடேல்ல. கிரேஸ் எனக்கு முன்னால வாங்கைப் போட்டு இருந்தாள்.

"சிஸ்டர், வருத்தம் எண்டால் வருத்தம் எண்டு சொல்லுங்கோ, ரத்தம் எண்டால் ரத்தம் எண்டு சொல்லுங்கோ. உங்கட ஊரில ரெண்டுக்கும் ஒரே சொல்லோ?"

ரெலிபோன்

ஓம், ஒரே சொல்தான். அதை அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தனான், அப்பத்தான் நினைவு வந்தது. செல்வி அக்கா! தடிமன் எண்டால் மனிசி தடிமன் எண்டெல்லோ சொல்லியிருப்பா? மெஷினை நிப்பாட்டிப்போட்டு ஏன் மெல்லமாச் சொல்லுவான்? அவவுக்கு மாதவிடாய் நிண்டே எட்டு வருசம். நிண்டதுக்குப் பிறகு ரத்தம் பட்டால் ஒரு நாளும் சும்மா விடக்கூடாது, புற்றுநோயாவும் இருக்கலாம். இது தெரிஞ்ச நான் பனடோல் குடுத்திருக்கிறன். என்னை நானே அறையலாம் போல இருந்தது.

கடைத்தெருவில இருந்து போன் எடுத்தன். அக்கா குளிக்கிறாவாம், எடுத்தது அண்ணை. லைன் கரகரக்குது. சனம் சுத்தி நிண்டு பார்க்க நான் தமிழில கத்துறன், "அண்ணை, அக்காவுக்குக் கீழால ரத்தம் போகுதோ எண்டு கேளுங்கோ. ஓம் எண்டால் இண்டைக்கே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஐயோ பிள்ளை, கலியாணம் கட்டி முப்பத்தைஞ்சு வருசத்தில நான் அவவிட்ட இப்பிடி ஒண்டும் கேட்டதில்லையே."

வார்டு

ஆனால் மனிசன் கேட்டிருக்கிறார், பாத்ரூம் கதவுக்கு வெளியில நிண்டு. அவ உள்ளுக்க இருந்து "ஓம்" எண்டிருக்கிறா. நான் திரும்பி வரேக்க ஒப்பரேஷன் முடிஞ்சுது. கர்ப்பப்பையில புற்றுநோய்தான், பரவ முதல் எடுத்திட்டினம்.

எயார்போட்டில இருந்து நேர வார்டுக்குப் போனன். நித்திரை இல்லை, கால் ரெண்டும் வீக்கம். அவவின்ர கையைப் பிடிச்சவுடன அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே பேசினன், "ஏனக்கா, என்னட்டையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?" அவ என்னை வடிவாப் பார்த்தா.

"உனக்குத்தானேயடி முதல் சொன்னனான்."

ஹோம்புஷில ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மனிசியிட்டக் கேக்கவேண்டிய ஒரு கேள்வியைப் பழக, நான் மூண்டு பிளேன் மாறி உகண்டாவுக்குப் போகவேண்டிக் கிடந்தது.