பாதி நேரத்தில் நடந்துபோன கோல் கம்பங்கள்

1. காற்சட்டை

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எனக்கு விளையாட்டு மாஸ்டர் வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம்தான். நேர்முகத்துக்கு வந்தவர்களில் சொந்தமாகக் காற்சட்டை வைத்திருந்தவன் நான் ஒருவன். மற்றவர்கள் எல்லோரும் வேட்டியோடு வந்திருந்தார்கள். நான் பந்தை வடக்கே அடித்தால் அது தென்மேற்கே போகும் என்பதைப் பிரின்சிப்பல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் நாள் அவர் என்னைக் கிரவுண்டுக்குக் கூட்டிப் போனார். மேற்கே கடல், கிழக்கே றோட்டு, நடுவில் மணல். வேறு எதுவும் இல்லை.

"கோல் கம்பம் எங்கை சேர்?" என்று கேட்டேன்.

"ஆராவது தருவினம்," என்றார் பிரின்சிப்பல். அவர் நல்ல மனிதர். யாராவது உரத்துக் கதைத்தால் கைக்குட்டையைத் தேடுவார். "தாறவைக்கு இஞ்சை பஞ்சமில்லை மாஸ்டர். நீர் வடிவாச் சிரிச்சு வாங்கினால் காணும்."

சிரிப்பது எனக்குத் தெரிந்த தொழில். ஆகவே பயப்படாமல் வேலையை ஏற்றேன்.

2. ஆளுக்கொரு கோல்

முதலில் தந்தவர் புங்குடுதீவுக் கந்தப்பர். தெற்கே சிங்கள ஊர்களில் சுருட்டுக்கடை வைத்து உழைத்தவர். பனை வைரத்தில் ஒரு சோடிக் கம்பமும் குறுக்குச் சட்டமும் செய்வித்து, வண்டியில் ஏற்றி, மேளத்தோடு கொண்டுவந்து இறக்கினார். சட்டத்தில் பெரிய எழுத்தில் "கந்தப்பர் உபயம்" என்று எழுதியிருந்தது. அதைக் கடற்பக்கம் நட்டோம்.

மற்றப் பக்கத்துக்கும் அவரிடமே கேட்டிருக்கலாம். அதற்குள் கரம்பொன் முருகேசர் வந்துவிட்டார். அவருக்குச் சரக்கு ஏற்றும் வத்தைகள் ஓடின. பழைய வத்தை ஒன்றின் பாய்மரத்தை அறுத்து இன்னொரு கோல் செய்து தந்தார். கந்தப்பரின் கோலை விட ஒரு சாண் உயரம். சட்டத்தில் "முருகேசர் உபயம்". எழுத்தும் ஒரு சாண் பெரிசு. அதை றோட்டுப் பக்கம் நட்டோம்.

இரண்டு பேரும் ஒரே கோயிலில் திருவிழா உபயகாரர்கள். ஒருவரின் திருவிழாவுக்கு இரண்டு கூட்டம் மேளம் என்றால் மற்றவருடையதற்கு மூன்று. உபயகாரர் வந்து சேராமல் சுவாமி வெளிக்கிடாது. பழக்கம் அப்படி. அந்தப் பழக்கம் அவர்களோடு சேர்ந்து எங்கள் கிரவுண்டுக்கும் வந்துவிட்டது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கந்தப்பர் எங்களுக்குத் தந்த இன்னொன்று, கோல் கீப்பர் சவிரிமுத்து. நெடுந்தீவில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெடியன். ஒருநாள் துறையில் கந்தப்பரின் புகையிலைச் சிப்பங்களை வள்ளத்தில் இருந்து எறிய எறிய இவன் கரையில் நின்று ஏந்தியிருக்கிறான். ஒன்றும் கீழே விழவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற கந்தப்பர் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார். "உவன்ர படிப்புச் செலவு என்ரை. உவன் என்ர கோலிலை நிப்பான்."

"என்ர கோலிலை" என்ற சொல்லை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கோல் கீப்பர் என்றால் கோலில்தானே நிற்பான் என்று நினைத்துச் சிரித்து வாங்கிக்கொண்டேன்.

3. பட்டணத்து அணி வந்த நாள்

பட்டணத்துக் கல்லூரி ஒன்று எங்களோடு விளையாட முதல் முறையாகக் கடல் தாண்டி வந்தது. அன்று கந்தப்பர் வந்து சேரும்வரை ஆட்டம் தொடங்கவில்லை. ரெஃபரியாக வந்தவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், நேரத்தை மதிக்கிறவர். "ஆருக்காகக் காத்து நிக்கிறம்?" என்று கேட்டார். "உபயகாரருக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கந்தப்பர் மேளக்காரரோடு வந்து கடற்பக்கக் கோலுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். முருகேசர் தன் வத்தைக்காரர்களோடு றோட்டுப் பக்கம் உட்கார்ந்தார்.

கடலில் இருந்து வீசும் சோளகக் காற்று எங்கள் முதுகில். நாங்கள் றோட்டுப் பக்கம் பார்த்து அடித்தோம். முருகேசரின் கோலுக்குள் ஒரு பந்து புகுந்தது. எங்கள் பெடியள் துள்ளினார்கள். முருகேசர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"மாஸ்டர், உது என்ன வேலை? என்ர கோலுக்கை எங்கட பெடியளே அடிக்கிறாங்கள்."

"அதுதான் ஐயா எங்களுக்கு வெற்றி."

"என்ர கோலுக்கை பந்து போறது உமக்கு வெற்றியோ? கந்தப்பற்ற கோலுக்கை ஒண்டும் போகேல்லையே."

"பாதி நேரம் முடியப் பக்கம் மாறுவம் ஐயா. அப்ப அங்கை அடிப்பம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் பாதி நேர விசில் வரைக்கும் இருந்தது.

பக்கம் மாறும் செய்தியைக் கேட்ட கந்தப்பர் கதிரையை விட்டு எழும்பவில்லை. சவிரியைக் கூப்பிட்டார். "நீ அங்காலை போய் முருகேசற்ற கோலைக் காக்கப் போறியோ? என்ர காசிலை படிச்சுக்கொண்டு? போனால் அப்பிடியே போ."

சவிரி என்னிடம் வந்தான்.

"சேர், நான் எங்கை போறது?"

"சட்டப்படி அங்காலை போகவேணும், சவிரி."

"போனால் ஐயா பீஸ் கட்டார். அப்பு என்னை மீன்பிடிக்க வள்ளத்திலை ஏத்திப் போடுவார். சீனியர் சோதினைக்கு இன்னும் கொஞ்சம்தானே சேர் இருக்கு."

அந்தக் கணத்தில் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. என் வாழ்க்கையில் அது அரிதாக நடப்பது. ஒரு பிள்ளையின் படிப்பு இரண்டு மரக் கம்பத்துக்கு நடுவில் கட்டிக் கிடந்தது. நான் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன்.

பிரின்சிப்பல் ரெஃபரியிடம் போய்ப் பக்கம் மாறாமல் விளையாட ஏலாதோ என்று கேட்டார். வந்த அணியின் மாஸ்டர் இடைமறித்தார். "காத்து முழுக்க உங்கட பக்கம். ரெண்டு பாதியும் நீங்களே வைச்சிருக்கப் போறியளோ?" நியாயமான பேச்சு. மாறாவிட்டால் ஆட்டம் அவர்களுக்கே என்று ரெஃபரி தீர்த்துச் சொன்னார்.

பிரின்சிப்பல் கைக்குட்டையோடு கந்தப்பரிடம் ஓடினார். கந்தப்பர் கொஞ்சம் யோசித்தார்.

"பெடியன்தானே அங்காலை போகவேணும்? அப்ப என்ர கோலும் போகட்டும்."

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்துவிட்டேன். அவருடைய கடைச் சிப்பந்திகள் மணலைத் தோண்டத் தொடங்கினார்கள். கம்பங்கள் ஆடின, அசைந்தன, எழும்பின. கோல் தோளில் ஏறியதும் மேளக்காரர் வாசிக்கத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. ஒன்றைத் தோளில் தூக்கினால் வாசிக்கிறதுதான் அவர்களுக்குப் பழக்கம்.

றோட்டுப் பக்கத்தில் முருகேசர் எழும்பினார். "என்ர இடத்திலை கொண்டந்து நடப் போறாரோ? தூக்குங்கோடா எங்கடையை." பாய்மரத்தை ஏற்றி இறக்கிப் பழகிய வத்தைக்காரருக்கு அது ஒரு வேலையே இல்லை.

கிழக்கே இருந்து ஒரு கோல் வந்தது. மேற்கே இருந்து ஒரு கோல் போனது. இரண்டும் நடு வட்டத்தில் முகத்துக்கு முகம் நின்றன. எங்கள் கிரவுண்டில் பத்து மாட்டு வண்டி பக்கம் பக்கமாகப் போகலாம். ஆனால் விலகுகிறவன் சிறியவன் ஆகிவிடுவான். ஆகவே யாரும் விலகவில்லை.

"வழியை விடுங்கோ," என்றான் கடைச் சிப்பந்தி ஒருவன்.

"நாங்கள் கடலிலையே வழி விடாத ஆக்கள்," என்றான் வத்தைக்காரன். "இது மணல்."

"சுருட்டு வாசம் அடிக்குது எண்டு மூக்கைப் பொத்தாதை. தள்ளி நில்."

"நீர் தள்ளும். உமக்குத்தான் பாரம் குறைவு."

ரெஃபரி நடுவில் நின்று விசில் ஊதினார். மேளச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? கடைசியில் என்னிடம் வந்து, "மாஸ்டர், ஃபுட்போல் சட்டத்திலை இதுக்கு ஒண்டும் எழுதியில்லை," என்றார். முப்பது வருடம் கச்சேரியில் இருந்த மனிதர். அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது.

பெரியவர்கள் கம்பங்களைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பெடியள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? இரண்டு அணியாரும் மெல்ல மெல்லக் கடற்கரைப் பக்கம் நழுவினார்கள். வள்ளத்துக்காரரிடம் வள்ளம் தள்ளுகிற சவள் வாங்கி மணலில் குத்தி, அவற்றைக் கம்பமாக்கி, மிச்சப் பாதியை அங்கே விளையாடினார்கள். சவிரி இரண்டு சவளுக்கு நடுவில் நின்றான். அதில் ஒருவருடைய பெயரும் எழுதியிருக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டு பந்து பிடித்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

பொழுது சாயமுன் போகவேண்டும் என்று வந்தவர்கள் வள்ளம் ஏறினார்கள். ரெஃபரியும் ஏறினார். முடிவு என்னவென்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தோள் நொந்தவர்கள் இரண்டு கோலையும் நடு வட்டத்திலேயே இறக்கி மணலில் குத்திவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் கந்தப்பர் என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லும். சவிரி என்ர கோலை விட்டுப் போனவனோ?"

சவிரி கொஞ்சம் தள்ளி நின்றான். கால் விரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"இல்லை ஐயா," என்றேன். "அவன் உங்கட கோலை விட்டுப் போகேல்லை. கோல்தான் அவனை விட்டுட்டுப் போனது. நீங்களும் பார்த்தனீங்கள்தானே."

கந்தப்பர் நடு வட்டத்தில் நின்ற தன் கோலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "அது சரி. அவனிலை பிழையில்லை." சவிரியின் பீஸ் தப்பியது. என் வேலையும் தப்பியது.

அடுத்த நாள் பார்த்தால் சோளகம் இரண்டு கோலையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்துப் போட்டிருந்தது. காற்றிடம் யாரும் கோபிக்கவில்லை. நாங்களே எடுத்துப் பழைய இடங்களில் நட்டோம்.

4. வலை

சவிரி சீனியர் பாஸ் பண்ணினான். தெற்கே கடையொன்றில் கணக்கெழுதப் போனான். சில வருடங்களில் சொந்தக் கடை போட்டான். நானும் இங்கே தலை நரைக்கத் தொடங்கும்வரை விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு பின்னேரம் அவன் கிரவுண்டுக்கு வந்தான். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை. பின்னால் ஒருவன் பெரிய மூட்டை ஒன்றைச் சுமந்து வந்தான். அவிழ்த்தால் வலை. கோலுக்குப் பின்னால் கட்டுவதற்கென்று நெடுந்தீவில் தன் ஆட்களைக் கொண்டே பின்னுவித்திருந்தான். எங்கள் கோலுக்கு அதுவரை வலை இல்லை. கடற்பக்கக் கோலுக்குள் அடித்தால் ஒருவன் நீந்திப் போய்த்தான் பந்தை எடுப்பான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழக்க தோஷத்தில் பகிடியும் வந்தது.

"சவிரி, நடு வட்டத்துக்குக் கொண்டு போக மாட்டீரே?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ சேர், அதை நினைச்சால் எனக்கு இப்பவும் நடுங்கும்."

"அப்ப நிபந்தனை ஒண்டும் இல்லை?"

"நிபந்தனை எண்டு இல்லை சேர்." சால்வையைச் சரி பண்ணினான். "தங்கச்சின்ர பெடியன் இஞ்சைதானே படிக்கிறான். அவனை இந்த முறை கோல் கீப்பராப் போட்டால் எனக்கு ஒரு சந்தோசம்."

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். நல்ல பிள்ளை.

"சவிரி, அவன்ர கையிலை பந்து நிக்காது."

"தெரியும் சேர்," என்றான் சவிரி. "அதுதானே வலை கொண்டந்தனான்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் பகிடி இல்லை.

வலையை நான் கட்டவில்லை. சுருட்டி விளையாட்டு அறையில் வைத்திருக்கிறேன். அவன் எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுக்கலாம். மருமகனை நாள்தோறும் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறான். பந்து இன்னும் கடலுக்குப் போகிறது. நீந்துவதில் அவன் நன்றாகத் தேறிவிட்டான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். யார் எதைக் கொண்டுவந்தாலும் கதிரை போடுங்கள், தேத்தண்ணி கொடுங்கள். பொருளில் கை வைக்க முன்னம், பாதி நேரத்தில் பக்கம் மாறுவோம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். கந்தப்பருக்கும் முருகேசருக்கும் அது தெரியாது. அவர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். சவிரிக்கு அது தெரியும். அன்றைக்கு என் முன்னால் நின்று, "நான் எங்கை போறது?" என்று கேட்டவன் அவன்தான்.