மசக்கைக்கு வந்த பேக்கன்

எழுபதுகளின் நடுவில் நான் மாமல்லபுரத்தில் ஒரு கடலோர விடுதியில் சமையல்காரனாக இருந்தேன். எங்கள் குப்பத்தில் கட்டுமரம் ஏறாமல் கரண்டி பிடித்தவன் நான் ஒருவன்தான். என் மனைவி மீன் விற்றாள். விடியலில் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, செங்கல்பட்டு வரை போய் விற்றுவிட்டு வருவாள்.

முதல் பிள்ளை உண்டானதும் அவளுக்கு மீன் வாடையே ஆகாமல் போயிற்று. குப்பத்தில் மீன் வாடை இல்லாத இடத்துக்கு எங்கே போவது? வலையில், மணலில், என் அம்மாவின் சேலையில், குடிக்கிற தண்ணீரில்கூட அடிக்கிறது என்றாள். கஞ்சித் தண்ணீரையும் பாதி நாள் வாந்தி எடுத்தாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

அந்தச் சமயம் விடுதியில் ஒரு வெள்ளைக்கார அம்மா தங்கியிருந்தார். குடைவரைச் சிற்பங்களைப் பார்த்துப் பென்சிலால் வரைவதுதான் அவர் வேலை. மெட்ராஸ் போய்த் திரும்பும்போது ஒரு பொட்டலம் பேக்கன் வாங்கி வந்தார். உப்பிட்டுப் புகைபோட்ட பன்றிக்கறி, நாடா நாடாவாக வெட்டியது. அதைப் பொரித்துக் கொடுத்து எனக்குப் பழக்கம். அவர் கேட்டதோ, சர்க்கரை பூசி ஓவனில் வைத்தது.

அவர் சொன்ன பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலாகப் பனைவெல்லத்தைப் பொடித்து மிளகுத்தூள் கலந்தேன். தட்டின் மேல் கம்பி வலை வைத்து, துண்டுகளைப் பரப்பி, வெல்லத்தைத் தூவி ஓவனுக்குள் தள்ளினேன். கொழுப்பு உருகிக் கீழே சொட்டியது. வெல்லம் நுரைத்துப் பாகாகப் படிந்தது. எடுத்தபோது கறி துவண்டு கிடந்தது. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆறியதும் பளபளவென்று இறுகி, தொட்டால் ஒடிந்தது. சாப்பிட்டது போக மீதியை என்னையே எடுத்துப் போகச் சொன்னார்.

வீட்டில் இலைப் பொட்டலத்தைப் பிரித்ததும் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? வாசனையா கீது."

"பன்னிக்கறி மே. வெல்லம் பூசினது. வேணாம்னா வச்சிடு."

எங்கள் வீட்டுக்குள் பன்றிக்கறி நுழைந்ததே கிடையாது. ஆனால் வாயும் வயிறுமாக இருப்பவளிடம் மறைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே என் அம்மா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மனைவி மெல்ல ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டாள். இன்னொன்று. பிறகு, "கஞ்சி கீதா?" என்றாள்.

அம்மா திட்டப் போகிறாள் என்று நின்றேன். "இன்னாத்தையோ துன்னட்டும். வவுத்துல நின்னா சரி" என்றாள், தலையைத் தூக்காமலே. "என் சட்டியில மட்டும் வைக்காத."

மறுநாள் தயங்கித் தயங்கி வெள்ளைக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளை அழைத்து வா என்றார். சமையலறைப் பின்படியில் இருவரும் உட்கார்ந்து ஒரே தட்டில் எடுத்துத் தின்றார்கள். தனக்குப் பிள்ளை உண்டானபோது காப்பி வாசனையே ஆகாது, வீட்டில் யாரையும் காப்பி போட விடமாட்டேன் என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"காப்பி வாசனை போய் கொமட்டுமா? அது நல்லாத்தான கீது!" என்று என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவர் தன் காலை உணவில் பாதியை அவளுக்கென்று ஒதுக்கச் சொல்லிவிட்டார். பொட்டலம் தீரும்வரை அப்படியே நடந்தது.

பிறகு அவர் ஊருக்குப் போய்விட்டார். மசக்கையும் மெல்லத் தணிந்து, மனைவி மறுபடி கூடை தூக்கினாள். பெண் குழந்தை பிறந்தது.

சில வருஷம் கழித்து வேறொரு விருந்தாளிக்கு அதையே செய்து, ஆசையாக ஒரு துண்டு கொண்டுவந்தேன். மனைவி கடித்த வேகத்தில் துப்பினாள். "இத்தையா துன்னேன் நானு?" என்று என்னையே கேட்டாள். கைப்பக்குவம் மாறவில்லை, அதே பனைவெல்லம்தான். அதுவரை ருசி என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் கொப்பளிக்க, நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.