பால் காய்ச்சுவதற்கு எத்தனை காலண்டர்: கெடாவில் ஐந்து நாள்

மே மாதக் கடைசியில் பார்வதி அண்ணி போன் செய்தார். மறைந்த என் அண்ணனின் மனைவி. மலேசியாவின் கெடா மாநிலத்தில், திகாம் பத்துவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொழிலாளர்களுக்கான அதே லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

"தம்பி, கம்பெனியில கலர் கலரா கோடு போடுவீங்களே, அது இன்னும் ஞாபகம் இருக்கா?"

கட்டுமானத் திட்டங்களுக்குக் கால அட்டவணை போடுவதுதான் நான் பார்த்த வேலை. மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு இருக்கும். எது முடிந்தால் எது தொடங்கும் என்று காட்ட, ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போகும். கூட்டத்தில் எழுந்து விளக்குவது எப்போதும் வேறொருவர். நான் மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்து பக்கம் மாற்றுவேன். அந்த இடம் எனக்குப் பொருத்தமாகவே இருந்தது.

அண்ணியின் விஷயம் இதுதான். தோட்டத்தின் ஓரத்தில் பதினான்கு குடும்பங்களுக்குப் புது வீடுகள் கட்டுகிறார்கள். ஜூலை 10 சாவி தருவதாக, கட்டிக் கொடுக்கும் குத்தகையாளர் ஓர் அட்டவணை கொடுத்திருந்தார். ஜூலை 31-உடன் லயத்துக்குத் தண்ணீரும் மின்சாரமும் நின்றுவிடும். ஜூலை 17 ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். பால் காய்ச்சாத வீட்டுக்கு, தலைப்பிரசவத்துக்கு வரும் மகள் மலரை அண்ணி அழைத்து வர மாட்டார். மலருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் குழந்தை பிறக்க வேண்டும்.

ஆக, பத்தாம் தேதி உண்மை என்றால் ஒரு வாரம் மிச்சம். இல்லையென்றால், குழாயில் தண்ணீர் வராத லயத்துக்குப் பச்சைக் குழந்தையைக் கொண்டு வர வேண்டும்.

"அந்தப் பேப்பர் நெசமா பொய்யா, அத மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார் அண்ணி.

கோப்பை அனுப்பினால் இங்கிருந்தே பார்க்கிறேன் என்றேன். "வீட்ட பார்க்காம தேதி எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டார். டிக்கெட் எடுத்தேன்.

வியாழக்கிழமை காலை கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து மின்ரயில். மூத்தோர் கழிவு போக 38 ரிங்கிட். சுங்கைப்பட்டாணி வரை நான்கரை மணி நேரம் ஆனது. குளிர் அதிகம், மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து திகாம் பத்து சுமார் பத்து கிலோமீட்டர். அண்ணிக்குத் தெரிந்த முனியாண்டி காரோடு காத்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். பேச்சு நிற்பது சிவப்பு விளக்கில்தான், அதுவும் சில சமயம்தான்.

அன்று மாலை லயத்தில் உட்கார்ந்து குத்தகையாளரின் அட்டவணை முழுவதையும் என் மென்பொருளில் மறுபடி ஏற்றினேன். அண்ணி நெத்திலிச் சம்பல் வைத்தார். கணக்குச் சரியாகவே வந்தது: ஜூலை 10. எனக்கே கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் கடைசியில் அதிகாரியும் பொறியாளரும் சேர்ந்து வந்து செய்யும் நான்கு கூட்டுச் சோதனைகளைப் பற்றி குத்தகையாளரின் ஜித்ரா கிளையில் நேரில் கேட்டுவிட விரும்பினேன். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் ஜித்ரா. திகாம் பத்துவிலிருந்து அலோர் ஸ்டார் தாண்டி ஒன்றேகால் மணி நேரம். போக வர 180 ரிங்கிட் பேசியிருந்தோம். வழியெல்லாம் வயல். பத்தேகாலுக்குக் கிளை அலுவலகத்தின் முன் இறங்கினேன். இரும்புக் கதவு இழுத்து மூடியிருந்தது. அட்டையில் மலாயில் 'தூத்துப்', மூடியிருக்கிறது, என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை லா, ஐயா" என்றார் முனியாண்டி.

"தெரியும்."

"கெடாவுல வெள்ளியும் சனியும்தான் சூத்தி. ஞாயித்துக்கெழமதான் ஓப்பிஸ் தொறப்பாங்க."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சே வந்தீங்களா? என் கெரெத்தாவுல சுத்திப் பார்க்க அவ்வளவு ஆசயா?"

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வார விடுமுறை இங்கே மாறும் என்பது கெடாவில் உறவினர் இருக்கும் எவருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் திட்டம் போடும்போது எங்கே போனது என்றுதான் தெரியவில்லை. ஏன் நேற்றே சொல்லவில்லை என்று முனியாண்டியைக் கேட்டேன்.

"நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. உங்களுக்காகத் தொறந்து வெப்பாங்கன்னு நெனச்சேன் லா."

பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அவர் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு வேறொரு சந்தேகம் வந்து, மடிக்கணினியைத் திறந்தேன். குத்தகையாளரின் தலைமை அலுவலகம் சிலாங்கூரில் இருக்கிறது. அட்டவணையை அங்கேதான் போட்டிருக்கிறார்கள். அதில் விடுமுறை சனியும் ஞாயிறும். நான்கு கூட்டுச் சோதனைகளையும், வாரத்தை முடித்து வைப்பது போல, நான்கு வெள்ளிக்கிழமைகளில் வைத்திருந்தார்கள். எல்லாம் மூடியிருக்கும் நாளில். என் பயணத் திட்டத்தில் நான் செய்த அதே பிழை.

இந்த மென்பொருள்களில் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் காலண்டர் கொடுக்கலாம். பலர் அதைத் தொடுவதே இல்லை. சோதனைக்குக் கெடா அதிகாரியும் வர வேண்டும், சிலாங்கூர்ப் பொறியாளரும் வர வேண்டும். அவருக்கு வெள்ளி, சனி விடுமுறை. இவருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. இருவரும் சேர்ந்து கிடைப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். அப்படி ஒரு காலண்டர் செய்து நான்கு சோதனைகளுக்கும் கொடுத்தேன். முதல் சோதனை தள்ளிப் போனதும் அடுத்தவை வரிசையாகச் சரிந்தன. இடையில் விழும் விடுமுறைகளையும் சேர்த்து, சாவி தரும் நாள் ஜூலை 24 என்று வந்து நின்றது.

கணினிக்கு அந்தக் கணக்குப் போட ஒரு விநாடி ஆகவில்லை. எனக்கு அதை நம்ப ஒரு கோப்பியும் இரண்டு ரொட்டி சானாயும் தேவைப்பட்டன.

மாலையில் அண்ணி வாசலிலேயே கேட்டார். "என்ன தம்பி, நெசமா?"

"ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேனே."

"அப்ப பொய்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குச் சோறு போட்டார். ஒருவர் முகத்தைப் பார்த்துத் தேதி சொல்லும் வேலையை நான் செய்ததே இல்லை. அன்றும் செய்யவில்லை.

சனிக்கிழமை செய்ய ஒன்றுமில்லை. கருவாடு வாங்கி வரச் சொல்லி அண்ணி எங்களைத் தஞ்சோங் டாவாய்க்கு அனுப்பினார். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள மீனவர் கிராமம். சுங்கைப்பட்டாணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆனது. கடைகளில் நெத்திலியைக் குவித்து வைத்து விற்கிறார்கள். காலையிலேயே போவது நல்லது, பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. எதிர்க்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் சிறு படகும் உண்டு. எனக்குத் தண்ணீர் பயம். முனியாண்டி கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். படகு நடு ஆற்றில் ஆடியபோது என் கவனத்தைத் திருப்பத்தான் தன் வீட்டுக் கதையைத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

"எங்க வீட்டுக்கு மீட்டர் வரவே ரெண்டு மாசம் ஆச்சு ஐயா. நான் யாருக்கும் காத்திருக்கல. நல்ல நாள் வந்துச்சு, கேஸ் அடுப்ப தூக்கிட்டுப் போயி பால் காய்ச்சிட்டேன். சாமான் ஏத்துனது பொறவுதான்."

"சாவி கையில் இருந்ததா?"

"எங்க இருந்துச்சு? மேஸ்திரிகிட்ட ஒரு காலைக்கு எரவல் வாங்கினேன்."

அதற்குப் பிறகு படகு ஆடியதா என்று எனக்கு நினைவில்லை. என் அட்டவணையில் சாவியிலிருந்து பால் காய்ச்சுவதற்கு ஓர் அம்புக்குறி இருந்தது. அது குத்தகையாளர் போட்டதல்ல. அவர் அட்டவணையில் பால் காய்ச்சுதல் என்ற வேலையே கிடையாது. அந்தக் கோட்டையும் அம்பையும் சேர்த்தவன் நான். யாரையும் கேட்காமல் சேர்த்திருந்தேன்.

ஞாயிறு காலை கட்டுமான இடத்துக்குப் போனேன். சூப்பர்வைசர் சிவம் முப்பது வயதுப் பிள்ளை. திரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"வெள்ளிக்கிழமையா! எவன்ணே போட்டான் இத?"

கூரை, தரை, சமையல் மேடை எல்லாம் ஆனி முதல் வாரத்துக்குள் முடிந்துவிடும் என்றார். ஒரு நாள் காலை மட்டும் வீடுகளைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டேன். தனக்குச் சம்மதம், ஆனால் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும் என்றார். அப்போதே போன் எடுத்தவர், பாதியில் வைத்துவிட்டார்.

"இன்னிக்கு அங்க சூத்தி."

அன்று மாலை தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பதினான்கு குடும்பங்களும் கூடின. சுவரில் வேட்டி கட்டித் திரையாக்கியிருந்தார்கள். இந்த முறை எழுந்து நிற்க வேறொருவர் இல்லை. எண்பது வரிகளையும் காட்டினால் யாருக்கும் பயனில்லை என்று, நான்கு கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்திருந்தேன்: சோதனைகள், சாவி, பால் காய்ச்சுதல், லயத்தில் தண்ணீர் நிற்கும் நாள். ஆடி மாதம் முழுவதும் சாம்பல் நிறம். வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க சார், ரேடியோவுல பேட்டரி கம்மியா?" என்றார் குடியிருப்போர் தலைவர் முத்தையா.

"சாவி ஜூலை இருபத்து நாலுதான் வரும்" என்றேன். சத்தமாகத்தான் வந்துவிட்டது.

மண்டபம் கலவரமானது. முத்தையா எழுந்தார். "நல்லா இருக்கே! கே.எல்.லருந்து வந்து நம்ம வீட்ட ரெண்டு வாரம் தள்ளி வெச்சிட்டாரே மனுசன்!"

சிலர் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. "தள்ளுனது அவரில்ல முத்தையா. சொன்னதுதான் அவரு. நீ மூணு மாசமா அந்தப் பேப்பர கோயில் சொவத்துல ஒட்டி வெச்சிருந்தியே, என்ன பார்த்த?"

பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப மலர நான் எங்க கூட்டிட்டு வர?" என்றார். கேள்வி எனக்குத்தான்.

"அண்ணி, பால் காய்ச்ச மின்சாரம் வேணுமா?"

"அடுப்பு இருந்தா போதுமே."

"சாவி?"

அவர் யோசித்தார். "கதவு தொறந்திருந்தா போதும்."

சிவம் அங்கேயே இருந்து, தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பி அனுமதி கேட்டிருப்பதையும் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னார். பால் காய்ச்சிவிட்டால், சாமான்களை ஆடியில் கொண்டு போவது தப்பில்லையா என்று ஒருவர் கேட்டார். அண்ணி பூசாரியைப் பார்த்தார். பூசாரி, குடிபுகுதல்தான் ஆடியில் கூடாது, கட்டில் தூக்குவதற்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை என்றார்.

அம்புக்குறியைத் தேர்ந்து அழித்தேன். ஆடியின் சாம்பலுக்குள் சிவப்பாக நின்ற பால் காய்ச்சும் புள்ளி, திரையில் இடப்பக்கம் நகர்ந்து ஆனிக்குள் போய் நின்று பச்சையானது. வேறு நாற்பது திட்டங்களில் நான் இதைச் செய்திருப்பேன். அங்கே யாரும் கை தட்டியதில்லை, இங்கே தட்டினார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. தலைமை அலுவலகம் மறுத்தால், இத்தனை பேருக்கு வீணாக ஆசை காட்டியவன் ஆவேன். திங்கள் காலை, ரயிலுக்குப் புறப்படும்போது சிவம் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"ஓக்கே சொல்லிட்டாங்கண்ணே. ரெண்டு கண்டிஷன். விறகு கூடாது, கேஸ் மட்டும். அப்புறம், உள்ள வர்ற எல்லாரும் தொப்பி போடணும்."

ஆனியில் நல்ல நாள் பார்த்துப் பதினான்கு வீட்டிலும் ஒரே காலையில் பால் பொங்கியது. என்னால் போக முடியவில்லை. அண்ணி படம் அனுப்பியிருந்தார்: பட்டுப்புடவை, தலையில் மஞ்சள் பாதுகாப்புத் தொப்பி, தொப்பியின் முன்னால் குங்குமம். பின்னால் முத்தையா, அவருக்குத் தொப்பி சிறியது.

சாவி ஜூலை 27-இல் வந்தது. என் கணக்கில் மூன்று நாள் பிழை. மழையாக இருக்கலாம், நான் எதையாவது விட்டிருக்கலாம். இன்னும் கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். லயத்தில் தண்ணீர் நிற்பதற்கு இரண்டு நாள் முன்பே அண்ணியின் கட்டில் புது வீட்டுக்குப் போய்விட்டது.

கெடாவுக்கு வேலையாகப் போகிறவர்கள் ஞாயிறு முதல் வியாழனுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு வெள்ளியும் சனியும் தஞ்சோங் டாவாய் இருக்கிறது. தோட்டங்களுக்குள் வாடகைக் கார் அழைத்தால் வருவது சந்தேகம், முனியாண்டி போல ஒருவரை முன்பே பேசி வையுங்கள். யாராவது உங்களிடம் ஓர் அட்டவணையைக் கொடுத்தால், கடைசித் தேதியைப் பார்ப்பதற்கு முன் அது எந்த ஊர்க் காலண்டரில் போட்டது என்று கேளுங்கள். அடுத்து அம்புக்குறிகளைப் பாருங்கள். அவற்றில் சில, யாரோ ஒருவர் கேட்காமல் போட்டவையாக இருக்கும். விளக்கும்போது, எதிரில் இருப்பவர் வாழ்க்கையில் நடக்கப் போகும் தேதிகளை மட்டும் காட்டுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள். இந்தக் கடைசி அறிவுரை எனக்கும் சேர்த்து.

ஆகஸ்டில் அண்ணி மறுபடி போன் செய்தார். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"பொண்ணு தம்பி. ரெண்டு பேரும் சொகமா இருக்காங்க."

"என்றைக்குப் பிறந்தது அண்ணி?"

"ஆபீஸ் மூடியிருக்கிற நாள்லதான் லா" என்று சிரித்தார். "வெள்ளிக்கிழமை."