பெட்டியில் இருந்த ஆயுதம்

அக்காவும் நானும் நகரியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. அக்கா எழுதுவாள், நான் படம் போடுவேன். அது வீடு வீடாகச் சுற்றி, கடைசித் தாள்களில் படித்தவர்களின் கருத்துகளோடும் மஞ்சள் விரல் தடங்களோடும் திரும்பி வரும். ஆந்திர ராஜ்ஜியம் பிறந்து, எல்லை மட்டும் முடிவாகாமல் கிடந்த வருஷங்கள். ரயிலில், சந்தையில், தறிச் சத்தத்துக்கு நடுவில், எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஓயாத பேச்சு.

எங்கள் தொடர்கதையில் மூன்று பேர் சந்திரகிரிக் கோட்டைக் குளத்தில் முங்கி, பின்னோக்கிப் போய் உலக யுத்த காலத்தில் எழுவார்கள். எந்த ராஜ்ஜியம் என்று காவல்காரன் கேட்பான். ஆந்திர ராஜ்ஜியம் என்பார்கள். அப்படி ஒன்று அப்போது ஏது? உளவாளிகள் என்று பிடித்துப்போவான். அரண்மனை மாடியில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் ரகசிய ஆயுதம். என்ன ஆயுதம்? எங்களுக்கே தெரியாது. அந்தத் தெரியாமைதான் ஐந்து மாதமாக எங்களை எழுத வைத்தது.

அப்போது அக்கா ஆசிரியை வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். போலீஸ் விசாரித்து நல்லபடியாக எழுதி அனுப்பினால்தான் உத்தரவு வரும். எல்லைக் கிளர்ச்சியில் இருந்தவர்களுக்கு வேலை இல்லை என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து யாரோ கடைசித் தாளில் 'திருத்தணி எங்களுக்கே' என்று எழுதிவைக்க, பத்திரிகை ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அதில் நான் வரைந்த கோட்டை வரைபடம் வேறு. நடுவில் பெருக்கல் குறி: 'ஆயுதம் இங்கே.'

கூப்பிட்டு அனுப்பினார்கள். எஸ்.ஐ.க்குத் தமிழ் படிக்க வராது. ஏட்டுதான் படித்துச் சொல்லியிருந்தார்.

"கதைதான்னு நானும் சொல்லிக்கினே இருக்கேன்ம்மா," என்றார் ஏட்டு. "ஐயா நம்பல. கதைன்னா பொட்டியத் தொறந்திருப்பாங்களேன்றாரு."

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "ஆ பெட்டெலோ ஏமுந்தம்மா?"

பெட்டிக்குள் என்ன என்று தனக்கே தெரியாது என்றாள் அக்கா. அவர் விசாரணைத் தாளை ஓரமாக நகர்த்தினார். தெரிந்த பிறகு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

"குண்டுன்னு மட்டும் எழுதிடாதம்மா," என்று ஏட்டு வாசல்வரை வந்து சொன்னார்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தோம். விஷப்புகை, கண்ணைக் குருடாக்கும் வெளிச்சம், எதை எழுதினாலும் வேலை போய்விடும் போலிருந்தது. களி தின்றுகொண்டிருந்த அப்பாவிடம் அக்கா கேட்டாள்: "நைனா, யுத்தத்துல நீ எதுக்கு ரொம்ப பயந்த?"

"சைரனுக்குத்தான். பட்டணத்துல இருந்தப்ப அது ஊதுனா போட்டது போட்டபடி ஓடுவோம். அப்பால குண்டு வுழப்போவுதுன்னு ஒரே பேச்சு, பாதி ஊரு காலி. ரேணிகுண்டாவுல வண்டி மேலயெல்லாம் ஜனம். அடுப்ப அணைச்சமா இல்லியான்னே தெரியாம ஒரு அம்மா அழுதுக்கினு வந்துச்சு."

மறுநாள் ஸ்டேஷனில் ஏட்டு புது அத்தியாயத்தைப் படித்துச் சொன்னார். பெட்டிக்குள் கையால் சுற்றும் ஒரு சைரன்.

சைரன் யாரையும் கொல்வதில்லையே, என்றார் எஸ்.ஐ. தெலுங்கில்.

"கொல்ல வேணாம் சார். சத்தம் போட்டா போதும், ஊரே ஓடிடும்," என்று அக்காவும் தெலுங்கிலேயே சொன்னாள்.

அவர் பேனாவை எடுத்தார். பட்டணம் காலியான அந்த வருஷம் எங்கள் வீட்டில் நான்கு குடும்பங்கள் வந்து தங்கின, என்றார். ஒரு குடும்பம் திரும்பிப் போகவே இல்லை. பிறகு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பத்திரிகையைத் திருப்பித் தரவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

இருந்தது அந்த ஒரு பிரதிதான். அக்கா கேட்க வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.