கூரை நடந்த நாள்

1978 செப்டம்பர் 16, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. புழுக்கம். மணியை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று எங்கள் ஊரில் இருந்தது ஒரே ஒரு கைக்கடிகாரம். அதைக் கட்டியிருந்தவரிடம் நான் ஏழு முறை மணி கேட்டேன். ஏழாவது முறை திட்டு வாங்கினேன்.

கடிகாரக்காரர் ரோடு போடும் வேலைக்கு வந்த மேஸ்திரி. ஜவ்வாது மலைமேல் இருந்த எங்கள் ஊருக்கு ஜீப் வருவதற்காக, அமிர்திப் பக்கத்து அடிவார ஊர் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு பேரோடு வந்திருந்தார். எல்லோரும் மாதா கோயில்காரர்கள். வாரம் முழுக்கக் கல் உடைப்பார்கள், சனிக்கிழமை மலையிறங்கி ஆறு மணி பஸ் பிடித்து ஊருக்குப் போவார்கள், ஞாயிறு பூசை முடிந்து திரும்புவார்கள். அவர்கள் போட்ட ரோடு வளைந்து வளைந்து வந்து, கடைசியில் நேராக எங்கள் வீட்டு வாசலுக்குள் நுழைந்தது. திங்கட்கிழமைக்குள் வீடு அங்கே இருக்கக் கூடாது.

அப்பா மேட்டில் புதுச் சுவர் எழுப்பிவிட்டார். மண்சுவர். கூரைதான் இல்லை. மஞ்சம்புல் தை மாதத்தில்தான் விளையும், ஆவணியில் புதுக்கூரைக்குப் புல் ஏது? அதனால் பழைய கூரையை அப்படியே முழுசாகத் தூக்கி, நூற்று நாற்பது அடி மேலே கொண்டுபோய், புதுச் சுவரின் தலையில் உட்கார வைப்பதென்று முடிவு. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. நாற்பது ஆள் சேர்ந்தால் கூரை நடக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஒற்றுமை, ஒத்துழைப்பு, கூட்டு முயற்சி என்று மூன்று சொற்களை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், கைமாத்து. காசு மாற்றுவதல்ல, ஆளை மாற்றுவது. இன்று நீ என் வேலைக்கு வந்தால் நாளை நான் உன் வேலைக்கு வருவேன்.

அன்று அந்தக் கைமாத்துக்குத்தான் ஆபத்து வந்தது. காலையில் அடுத்த ஊரில் ஒரு சாவு. சாவு எல்லா வேலைக்கும் முந்தியது, ஊர் ஆண்களில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். எண்ணிப் பார்த்தேன். அப்பா, சித்தப்பா உட்படப் பத்தொன்பது பேர். மறுநாள் புரட்டாசி பிறக்கிறது, அந்த மாதம் புதுவீடு புக மாட்டார்கள். அதைவிட, மழை வந்தால் மூடாத மண்சுவர் ஒரே இரவில் கரைந்து சேறாகிவிடும்.

ரோட்டு ஆட்களைக் கூப்பிடலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா துண்டை உதறினார்.

"வூட்ட இடிக்க வந்தவன் தோள்லயே வூட்ட ஏத்தணுமா? போ போ, வேலைய பாரு."

"வேணாம். செவுரு கரையட்டும். உன் ரோசத்த விரிச்சி மேல போட்டுக்கினு படுத்துக்கலாம். ஒழுவாம இருக்குதான்னு பாப்போம்" என்றாள் அம்மா.

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள். மேஸ்திரி கடப்பாரைகளைக் கட்டிவிட்டுப் புறப்படத் தயாராக நின்றார். நான் ஓடிப்போய் மணி கேட்டதும் திட்டு வாங்கியதும் அப்போதுதான்.

"ஆறு மணி பஸ்ஸு போய்டும்மா. நாளைக்கு காலைல பூசை" என்றார் அவர்.

"சாமி எங்கயும் போவாதுண்ணே. மழைதான் வந்துடும்."

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "டேய், துண்ட எடுத்து தோள்ல போடுங்கடா. இந்தம்மா நம்ம சாமியார விட நல்லா பிரசங்கம் வெக்குது."

அவரையும் சேர்த்து அவர்கள் இருபத்து மூன்று. எங்கள் பத்தொன்பதும் சேர்ந்தால் நாற்பத்திரண்டு. அப்பா கூரையைத் தூக்கக் குறுக்கே கட்டியிருந்த முன்வரிசை மூங்கிலுக்கடியில் போய்க் குனிந்துகொண்டார்.

ஆளில்லாமல் கூரை நகரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வீட்டு ஆள் ஒருவர் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு நம்மை விட்டுப் போய்விடும் என்பார்கள். எனக்குப் பத்து வயது, எடை குறைவு. தூக்கி முகட்டில் உட்கார வைத்தார்கள். ஊரின் மிக உயரமான இடத்தில் நான் இருந்தேன். கீழே முண்டாசுகள் மட்டும் தெரிந்தன.

சித்தப்பா எங்கள் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். "கூடி வா!" மேஸ்திரி தன் ஆட்களுக்குக் கொடுத்தார். "ஏலேலோ!" அவ்வளவுதான், என் வலப்பக்கம் விண்ணென்று மேலே போனது. அடுத்த நொடி இடப்பக்கம் போனது. கூரை தூளி மாதிரி ஆடியது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது.

"நாங்க தூக்கறப்ப இன்னாத்துக்குய்யா கீழ வுடறீங்க?" என்று மேஸ்திரி கத்தினார்.

"நீ கீழ வுடறப்பதான்யா நாங்க தூக்கறோம்!" என்றார் சித்தப்பா.

மலையில் குரல் கொடுப்பவன் கத்தும்போதே எல்லோரும் தூக்குவோம், 'ஓ' என்று பதில் சொல்லும்போது மூச்சு வாங்குவோம். அடிவாரத்தில் தலைகீழ். குரலுக்கு மூச்சு வாங்கி, பதிலுக்கு 'ஐலசா' என்று தூக்குவார்கள். இரண்டாவது முறையும் ஆடியது. மூன்றாவது முறை ஒரு மூங்கில் படீரென்று வெடித்தது. கூரையை வைத்துவிட்டுச் சண்டையைத் தூக்கினார்கள். எவன் குரலுக்கு எவன் அடங்குவது என்று இரண்டு பக்கமும் பேச்சு தடித்தது. வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்போல் இருந்தது. என் மூக்கின்மேல் முதல் துளி விழுந்தது. "மழை!" என்று முகட்டிலிருந்து அலறினேன். யாரும் கேட்கவில்லை.

மேட்டிலிருந்து தொம் என்று ஒரு சத்தம்.

எல்லோரும் திரும்பினார்கள். புதுவீட்டு வாசலுக்கு ஏற்கெனவே உருட்டிப் போயிருந்த உரலில் அம்மா உலக்கையைப் போட்டிருந்தாள். உரலில் ஒரு பிடி சாமை இருந்ததோ என்னவோ. எதிரே அத்தை இன்னொரு உலக்கையோடு நின்றாள். தொம், ஹூஸ். தொம், ஹூஸ். குத்தும்போது தொம், உலக்கை ஏறும்போது வாயில் ஹூஸ்.

"இதயாவது எல்லாரும் கேட்டிருக்கீங்களா, இல்ல உங்க ஆத்தாங்க சோறாக்காமயே வளத்தாங்களா?" என்று அத்தை கேட்டாள்.

 எல்லோரும் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். தொம்முக்குக் கால், ஹூஸுக்கு மூச்சு. யாரும் சொல்லித் தரவில்லை. கூரை எழுந்தது. ஆடவில்லை, சாயவில்லை, தட்டில் வைத்த சோறுபோல எழுந்தது. என்னைச் சுமந்துகொண்டு மேடேறியது. ஈச்சம் புதரைத் தாண்டியது, பாறையைச் சுற்றியது. உலக்கை வேகம் எடுக்க எடுக்கக் காலும் வேகம் எடுத்தது. நான் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கத்தினேன். சித்தப்பா 'ஐலசா' என்றார், மேஸ்திரி 'ஓ' என்றார். எவன் குரல் எவனுடையது என்ற கணக்கே போய்விட்டது.

நாலு மணி ஐம்பதுக்குக் கூரை சுவரில் உட்கார்ந்தது. முளையடித்துக் கயிறு இறுக்கி முடிப்பதற்குள் மழை கொட்டியது. எல்லோரும் உள்ளே பாய்ந்தோம். ஒருவர் பிடரியில் இன்னொருவர் மூக்கு. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. யாரோ சீழ்க்கையடித்தார்கள். யாரோ என்னைத் தூக்கி, கூரையில் தலை இடிக்க இடிக்கக் குதிக்க வைத்தார்கள். பஸ் போயே போய்விட்டது. அடிவாரத்துக்காரர்கள் எங்கள் வீட்டுக் களியைத் தின்றுவிட்டு, மழை விட்டதும் பந்தம் கொளுத்திக்கொண்டு நடந்தே இறங்கினார்கள்.

திங்கட்கிழமை காலையில் அப்பா கடப்பாரையோடு ரோட்டுக்குப் போனார். மேஸ்திரி ஓடி வந்து தடுத்தார்.

"இன்னாங்க இது? நாங்க சும்மாதான செஞ்சோம்?"

"சும்மா தூக்கறதுக்கு அது இன்னா பொணமா?" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் திருப்பிச் செய்யாமல் விடக்கூடிய தோள், பாடைக்குக் கொடுத்த தோள் ஒன்றுதான். எனக்கு அது அப்போது தெரியாது. அப்பாவுக்குக் கவர்மெண்டு வேலை கிடைத்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பொறாமையில் இரண்டு பேர் என்னோடு பேச்சை விட்டார்கள். சம்பளம் வாங்கி வந்ததும் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வேண்டுமென்று கேட்டேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா முதலில் இடித்தது எங்கள் பழைய சுவரை. அந்த மண்ணை அவரே கூடையில் அள்ளி ரோட்டில் கொட்டி மிதித்தார். வாழ்ந்த வீட்டைத்தான் ரோடாக நிரவுகிறோம் என்பது அவருக்கும் அம்மாவுக்கும் தெரியும். நான் ஓரமாக நின்று, ஜீப் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்துத்தான் கணக்குப் போட்டேன். இருபத்து மூன்று ஆள், ஆளுக்கு அரை நாள். அப்பா ரோட்டில் கூலியில்லாமல் உழைத்ததும் பதினொன்றரை நாள். அரை நாளை அப்பா பாக்கி வைக்கவில்லை. கடைசி நாள் உச்சிவேளையில் கடப்பாரையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.